நான்கு பேர் கணக்கும் ஒரு கணுக்காலும்

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் இயன்முறை மருத்துவராக இருந்தேன். அடுத்தவர் மூட்டுகளை அழுத்தியும் இழுத்தும் என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோனது. சாவியைத் திருப்பினால் வலி, பாட்டில் மூடியைத் திறந்தால் வலி. கையை நம்பிச் செய்யும் வேலையைக் கை சரியில்லாமல் செய்யக் கூடாது என்று எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

போன மாதம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவமனையில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்றால் உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும்.

"அக்கா, இது வர்றதுக்கு முன்னாடி நீங்க பேலன்ஸ் எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்" என்றாள் ஒருத்தி.

"அது மேல நிக்கிறவங்க பேசலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, பேசக் கூடாதுக்கா. பேசினா ரீடிங் கெட்டுப்போயிரும்."

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் நான்கரை ஆண்டுகள்: எலும்புகள், தசைகள், நரம்புகள், பிறகு எலும்பு தசை நரம்பு மூன்றும் சேர்ந்து செய்யும் தவறுகள். நான் எதையும் பட்டியலாக எழுதிவைத்துக்கொள்ளும் ஆள். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டு இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வருடமே, எங்களிடம் வரும் கணுக்கால்களை அதில் வகை பிரித்து எழுதிவைத்தேன். ஃபேக்டரி வேனிலிருந்து இறங்கும்போது மடங்கியவை. பட்டாசுக் கட்டு ஏற்றும்போது லோடு சரிந்து மடங்கியவை. அச்சகங்களில் பேப்பர் ரீமோடு படி இறங்கியவை. கண்மாய்க்கரைச் சரளையில் வழுக்கியவை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எங்களிடம் வருவதற்கு முன் பத்து நாளாவது யாரோ எண்ணெய் போட்டு நீவியிருப்பார்கள், முட்டையும் உளுந்தும் குழைத்துப் பற்றுப் போட்டிருப்பார்கள். வீக்கத்தின் மேல் அந்தப் பற்று காய்ந்து, ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். முதல் அரைமணி நேரம் அதை நனைத்து எடுப்பதிலேயே போகும்.

எலும்பு முறிவுப் பிரிவின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். ஐம்பத்தைந்து வயது. ஆயாவைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார், அதுவும் அடுத்த மேஜைக்குக் கேட்காத குரலில். அவருக்குச் சத்தம் ஆகாது. ஸ்டீல் தட்டு கீழே விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து விநாடி காத்திருப்பார், பிறகுதான் விட்ட வாக்கியத்தைத் தொடருவார். ஒரு நோயாளியை வேலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் நாளில் அவரே எங்கள் அறைக்கு வருவார். அன்று அந்த அறை பூஜை அறை மாதிரி ஆகிவிடும்.

நடைமுறை இதுதான். கதவைச் சாத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். நோயாளி வெறுங்காலோடு, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் நிற்க வேண்டும். கைகள் மார்பின் குறுக்கே. சுவரில் கண் உயரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருப்போம், பார்வை அதில் இருக்க வேண்டும். "வேற எதையும் நெனைக்காதீங்க. காலை மட்டும் நெனைங்க" என்று நான் சொல்வேன். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். அடிபட்ட காலில் மட்டும் முப்பது விநாடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மூன்று முறை. தூக்கிய கால் தரையைத் தொட்டாலோ, நின்ற கால் நகர்ந்தாலோ தோல்வி. நோயாளி பேசினாலோ, வெளியே சத்தம் கேட்டு அவர் கவனம் கலைந்தாலோ அந்த முறை செல்லாது. பதிவேட்டில் "ரத்து" என்று எழுதிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

நான்கு வருடம் இதை நான் ஒரு எழுத்து மாற்றாமல் செய்தேன். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

முனீஸ்வரி வந்தது இரண்டாயிரத்து நான்கில், வைகாசி மாதம். தாயில்பட்டிக்காரர். முப்பத்தாறு வயது. பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அடைத்த குழலைச் சங்குசக்கரமாகச் சுற்றும் வேலை. வேனிலிருந்து இறங்கும்போது வலது கால் பள்ளத்தில் போய் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. கூட வந்தவர் பஞ்சவர்ணம், அவருடைய கணவரின் தங்கை; இருவரும் ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள்.

"எங்க மதினி ஓடியாடித் திரிஞ்ச ஆளு மேடம். இப்ப பாருங்க, கொக்கு மாதிரி நிக்கிது" என்றார் பஞ்சவர்ணம்.

"ஏளா, கொக்குன்னா ஒத்தக் கால்ல நல்லா நிக்கும். எனக்கு அதுவும் வரல" என்றார் முனீஸ்வரி.

எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற நோயாளி. சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்து, கட்டில் காலில் மாட்டிக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கச் சொன்னால், இருபது என்றால் இருபது. ஆறாவது வாரம் டெஸ்ட். கண்ணைத் திறந்தும் மூடியும், மூன்று முறையும் முப்பது விநாடி, தூண் மாதிரி நின்றார். டாக்டர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "வேலைக்குப் போகலாம்மா" என்றார். சீட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

பதினோராம் நாள் பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே கணுக்கால், அதே இடம்.

நடந்ததைச் சொன்னவர் பஞ்சவர்ணம். சுற்றி முடித்த சக்கரங்களைத் தட்டில் அடுக்கி, அறைக்கு வெளியே இருக்கும் மேடையில் காயப்போட வேண்டும். அறையில் நாலு பேர். தட்டைத் தூக்கிக்கொண்டு போவது முனீஸ்வரி. வாசற்படியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் கால் மடங்கியது. தட்டு கவிழ்ந்து, சக்கரங்கள் வாசலிலிருந்து மேடைவரை சிதறின. உள்ளே இருந்த மூவரும் எதிர்வாசல் வழியாக ஓடினார்கள்.

"கொட்டின மருந்து மேல ஒரு கால் ஒரஞ்சாப் போதும் மேடம். நாங்க ஓடிப்போய்ட்டு திரும்பிப் பாக்கோம், மதினி மட்டும் சக்கரத்துக்கு நடுவுல உக்காந்திருக்கு. அசையல. மூச்சுகூட விடலன்னு நெனைக்கேன்."

அன்றோடு ஃபோர்மேன் முனீஸ்வரியைத் தட்டுத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். கால் சரியானதும் வந்து உட்கார்ந்து சுற்றலாம், தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். கேஸ் ஷீட்டில், "வீட்டில் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்யவில்லை" என்று எழுதினேன். அவரிடம் கேட்காமலே எழுதினேன். என் டெஸ்ட் சரி, என் கையெழுத்து சரி என்றால், தவறு நோயாளியிடம்தானே இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டிலிருந்து சைக்கிள் டியூபைக் கொண்டுவந்தார், வேறு கொடுங்கள் என்று. இழுத்து இழுத்து அது நடுவில் அறுந்துபோயிருந்தது. அந்த வாக்கியத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன். டியூப் மாற்றிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, நான் எழுதியதே அவருக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் வைத்தேன், டாக்டர் இல்லாமல், ஒத்திகையாக. மறுபடியும் தூண் மாதிரி நின்றார். முதல் முறை முப்பது. இரண்டாம் முறை இருபதாவது விநாடியில், மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் சும்மா இருக்க முடியாமல் வாய் திறந்தார்.

"மதினி, அன்னிக்கு விழுந்துச்சே அந்தத் தட்டு, அதுல எனக்கு எம்புட்டு இருந்துச்சு? மத்தியானத்துக்கு மொத்தம் எம்புட்டுன்னு சொல்லவே இல்லையே நீ."

முனீஸ்வரியின் உதடு அசைந்தது. அடுத்த விநாடி கால் தரையில்.

"டெஸ்ட் நடக்கும்போது பேசாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது!" என்று பஞ்சவர்ணத்தைக் கடிந்துகொண்டேன். பதிவேட்டில் "ரத்து" என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முனீஸ்வரி சொன்னார்:

"இப்படித்தான் மேடம் அன்னிக்கும். எண்ணிக்கிட்டே போனேன்."

"என்ன எண்ணிக்கிட்டே?"

அப்போதுதான் அவர்களுடைய வேலை என்ன என்று முதன்முறையாகக் கேட்டேன். நாலு பேரும் சுற்றுவது ஒரே தட்டில் நாலு மூலையில் சேரும். யார் எத்தனை சுற்றினார்கள் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் வந்து கேட்பார். அதுவரை அந்தக் கணக்கை எழுதிவைக்க வழியில்லை. அறைக்குள் காகிதம் பென்சில் எதையும் கொண்டுபோகக் கூடாது, கையெல்லாம் வேறு மருந்து. அதனால் தட்டுத் தூக்குகிறவர்தான் கணக்கு. அறைக்கும் மேடைக்கும் இடையில் நடக்கும் பத்துப் பன்னிரண்டு எட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே நாலு மூலையையும் எண்ணி, காலையிலிருந்து ஓடிவரும் நாலு மொத்தத்தோடும் தனித்தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு வருடமாக முனீஸ்வரி அதைச் செய்துவந்தார்.

"இப்ப வேற ஒருத்தி தூக்குதா. தெனமும் சண்டைதான்" என்றார் பஞ்சவர்ணம். "எனக்கு முப்பது கொறையுது, அவளுக்கு நாப்பது கூடுதுன்னு. மதினி கையில இருந்தப்ப ஒரு நா ஒரு பொழுது சண்ட வந்ததில்ல."

"அப்போ இவங்க திரும்பி வந்து தூக்கட்டுமே?" என்றேன்.

பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது வேற மேடம். வாசல் பக்கம் உக்காந்திருக்கிறது நானு. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. மதினின்னாலும் பயந்தான்."

இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வேனில் போகிறவர்கள். ஒருவர் முகத்துக்கு எதிரே இன்னொருவர் அதைச் சொன்னார். முனீஸ்வரி, "அவ சொல்றது நாயந்தான்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஆனா மேடம், உக்காந்து சுத்துறதுக்கு யாரு வேணா இருக்காக. நாலு பேரு கணக்கு எங்கிட்ட இருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுறேன்" என்றார்.

அன்று மாலை பதிவேடுகளை முதலிலிருந்து புரட்டினேன். நான்கு வருடத்து "ரத்து"கள். வெளியே சைக்கிள் பெல். தும்மல். நோயாளி மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் செல்லாது என்று எழுதியவை எல்லாம், அந்தக் கணுக்கால் வெளியுலகில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சாட்சிகள். அவர்களில் யார் யார் மறுபடி விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எந்தப் பத்தியும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்காலின் தசைநார் வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. நல்ல காலில் அந்தச் செய்தி நம் கவனத்தைக் கேட்காமலே போய், வேலையை முடித்துவிடும். கிழிந்து ஆறிய காலில் செய்தி மங்கலாக வருகிறது. அந்தக் குறையை மனம் ஈடுகட்டுகிறது, காலை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அமைதியான அறையில், கறுப்புப் பொட்டுக்கு முன்னால், அதற்கு வேறு வேலை இல்லை. அதனால் தூண் மாதிரி நிற்க முடிகிறது. மனத்துக்கு ஒரு கூட்டல் கணக்கைக் கொடுத்தால், காலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "காலை மட்டும் நெனைங்க" என்று சொல்லி, எந்தக் குறையைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை நானே மூடிமறைத்திருக்கிறேன்.

மறுநாள் முனீஸ்வரியை நிற்கவைத்து, நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னேன். இடது காலில் நின்று சொன்னார், பிசிறில்லாமல். வலது காலில் எண்பத்தாறு என்றபோதே கால் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நின்றார். இப்போது கால் நின்றது, ஆனால் எழுபத்தொன்பதுக்கு அடுத்து அறுபத்தெட்டு என்றார். தப்பு என்றேன். விழுந்த அன்றுகூட அவர் முகம் அப்படி வாடியிருக்காது.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு அந்த மெல்லிய குரலில், "கவனம் சிதறினா யாரா இருந்தாலும் ஆடத்தானேம்மா செய்வாங்க? அது கணுக்கால் டெஸ்ட் ஆகாதே" என்றார்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். "சார், நீங்க காலேஜ்ல பூப்பந்து ஆடும்போது கால் மடங்கினதா ஒரு தடவ சொன்னீங்க. எந்தக் கால்?"

"இடது." சொன்ன பிறகுதான் நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி மேஜைக்கடியில் ஒழுங்காக வைத்தார். வலது காலில் நின்றுகொண்டு நூறிலிருந்து முப்பதுவரை இறங்கினார். இடது காலுக்கு மாறினார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்றவர், எழுபத்திரண்டுக்கு முன் ஒரு நொடி யோசித்தார். உடம்பு சாய்ந்தது. கைக்கு அகப்பட்ட திரைச்சீலையைப் பிடித்தார். திரை, அதைத் தாங்கிய கம்பி, கம்பி மேல் இருந்த பழைய எக்ஸ்ரே உறைகள் எல்லாம் பெருஞ்சத்தத்தோடு கீழே வந்தன.

கண்ணை மூடி ஐந்து விநாடி காத்திருந்தார்.

"முப்பது வருசமாச்சு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிறகு, "அந்தம்மாவை நான் பாக்கிற நாளைத் தள்ளி வைங்க. அதுவரைக்கும் நீங்க என்ன வேணுமோ செய்ங்க. சத்தம் மட்டும்..." என்று தொடங்கி, தரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு ஏழு வாரம். அதுவரை கலைந்துபோகாமல் காப்பாற்றிய அறையை நானே கலைத்தேன். கதவு திறந்தே கிடந்தது, விசிறி ஓடியது. முதலில் உட்கார்ந்துகொண்டு கணக்கு, பிறகு இரண்டு காலில் நின்று, பிறகு வலது காலில், பிறகு மடித்துப்போட்ட சாக்கின் மேல். நூறிலிருந்து ஏழைக் குறைப்பதை விட்டுவிட்டோம். அது என்னுடைய கணக்கு, அவருடையது அல்ல. ஸ்டீல் தட்டின் நாலு மூலையில் காலித் தீப்பெட்டிகளை ஒழுங்கில்லாமல் அடுக்கி, கையில் ஏந்தி நடந்துகொண்டே எண்ணச் சொன்னேன். நாலு மொத்தம் ஓடவேண்டும். அறைவாசலில் மூன்று அங்குல உயரத்துக்குப் பலகை ஒன்றைப் படியாகப் போட்டேன். கணக்கைச் சரிபார்க்கும் வேலை பஞ்சவர்ணத்துக்கு. வேலைக்குப் போகாத நாளெல்லாம் வந்துவிடுவார். சரிபார்த்ததோடு நிற்கவில்லை.

"மதினி, முந்தாநாத்து கொழம்புல உப்பு போட்டியா?"

"முப்பத்தேழு... போட்டேன்... எட்டு..."

"எம்புட்டுப் போட்ட? ஒம் மாமியா மொகத்தப் பாக்கணுமே."

"ஏ, எடுபட்டவளே, என் கணக்கக் கெடுக்காத!"

கால் மடங்கப்போகும், நான் பிடித்துக்கொள்வேன். காத்திருக்கும் நோயாளிகள் பெஞ்சில் இருந்தபடி கெக்கலிப்பார்கள். மாவுக்கட்டுப் போட்ட லாரி டிரைவர் ஒருவர், "யக்கா, அம்பத்தொண்ணு" என்று தப்பான எண்ணை வேண்டுமென்றே எடுத்துக்கொடுப்பார். பெரிய டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தை எங்கள் நேரத்திலிருந்து மாற்றிக்கொண்டார்.

ஐந்தாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். சமதளத்தில் அவர் நடை தேறிவிட்டது. கணக்கும் ஓடியது, காலும் ஓடியது. படியில்தான் சிக்கல். படி வரும்போது அவராகவே, யாரும் சொல்லாமல், நின்றுவிடுவார். பாதத்தை நன்றாக ஊன்றுவார். எண்ணிக்கை உதட்டில் அப்படியே நிற்கும். தாண்டுவார். பிறகு விட்ட எண்ணிலிருந்து தொடருவார். என் கறாரான புத்தி அதைத் தோல்வி என்றது: நடையை நிறுத்தினால் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ததாகாது. ஆனால் அப்படி நின்ற ஒருமுறைகூட அவர் கால் மடங்கவில்லை, ஒரு தீப்பெட்டிகூடக் கணக்கில் தப்பவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டு ஃபோர்மேனிடம் பேசினேன். கால் தேறிவருகிறது, வாசற்படியில் மட்டும் ஒரு நொடி நின்று தாண்டுவார் என்றேன்.

"வாசல்ல நிக்கவா? அது ஆகாதுங்கம்மா" என்றார் அவர். "வாசல்ல ஆளு நிக்கப்பிடாதுங்கிறது எங்களுக்கு மொத ரூலு. ஒண்ணுன்னா உள்ள இருக்கிறவுக எங்கன ஓடுவாக? ஒரு நொடின்னாலும் ஒரு நொடிதான்."

அவர் சொன்னது சரி. வாசலுக்கு ஒரு கை தூரம் முன்னாலேயே நின்றுவிட்டு, பிறகு நிற்காமல் தாண்டினால்? அவர் யோசித்தார். "அங்கன ஒரு பொம்பள உக்காந்து சுத்துதே. அது முதுகுக்குப் பின்னால தட்டோட நிக்கணும். அது சம்மதிச்சா எனக்கு ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் பஞ்சவர்ணம். நான் அதை அவரிடம் சொன்னபோது முனீஸ்வரி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"தட்டோட ஆளு பின்னால வர்றதே எனக்குப் பயம். இப்ப வந்து நிக்கவும் செய்யும்னு சொல்றீக" என்றார் பஞ்சவர்ணம்.

"ஆமா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் உக்காந்து செய்யுற வேலைக்கு மட்டும் சீட்டு எழுதிருவேன். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவர் எழுந்துபோய், பலகைக்கு ஒரு கை தூரம் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தட்ட எடுத்துக்கிட்டு வா மதினி" என்றார்.

முனீஸ்வரி தட்டோடு நடந்தார். எண்ணிக்கொண்டே வந்தார். பஞ்சவர்ணத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றார், பாதத்தை ஊன்றினார், படியைத் தாண்டினார், அந்தப் பக்கம் போய் நாலு மொத்தத்தையும் சொன்னார். பஞ்சவர்ணம் திரும்பிப் பார்க்கவே இல்லை. "இன்னொருக்க" என்றார். அன்று முப்பது முறையாவது நடந்திருப்பார் முனீஸ்வரி. முதல் சில முறை, பின்னால் ஆள் வந்து நின்றதும் பஞ்சவர்ணத்தின் தோள்கள் காதுவரை ஏறின. பிறகு பாதி உயரம்தான் ஏறின. கடைசியாக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "சீட்ட எழுதுங்க மேடம். நான் உக்காந்துக்கிறேன்" என்றார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், பழக்கத்தில். ஆனால் அதைப் பார்க்கவில்லை, முனீஸ்வரியின் பாதத்தையே பார்த்தார். சீட்டில் "வேலைக்குப் போகலாம்" என்று எழுதி என்னிடம் நீட்டினார். கீழே நான் சேர்த்தேன்: வாசலுக்கு ஒரு கை தூரம் முன்னால் நின்று, கணக்கை நிறுத்தி, தாண்டிய பிறகு தொடர வேண்டும். மருத்துவச் சீட்டில் அப்படி ஒரு வரியை அதற்கு முன் நான் எழுதியதில்லை. இரண்டாம் முறையாக அதே காலுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறை தவறினால் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது, சீசன் உச்சம். காலை முழுவதும் நான் எந்த நோயாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு வரவேற்பில் இருந்து கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு வெளியே டீக்கடையில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து முனீஸ்வரி.

"மேடம், சாப்பிட்டீகளா?"

"அதை விடுங்க. என்னாச்சு?"

"ஃபோர்மேன் வந்து கேட்டாரு. நாலு பேருக்கும் சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சாப்பிடப் போய்ட்டாக."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "சொன்னபடி நின்னு தாண்டினீங்களா?"



"நின்னேன் மேடம். ஆனா பொய் சொல்லக் கூடாது... பத்து மணிக்கு மேல ரெண்டு தடவ நிக்க மறந்துட்டேன். மேடையில போயி தட்ட வைக்கும்போதுதான் நெனப்பு வந்துச்சு, அடடா, நிக்கலியேன்னு. காலு அது பாட்டுக்குத் தாண்டிருக்கு. கணக்கும் தப்பல."

நான் படித்த எந்தப் புத்தகத்தின்படியும் அது நல்ல செய்தி. மனம் கணக்கில் இருந்திருக்கிறது, காலை யாரும் பார்க்கவில்லை, கால் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது; ஏழு வாரம் நாங்கள் பாடுபட்டது அதற்காகத்தான். ஆனாலும் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கும் பஞ்சவர்ணத்தின் முதுகுதான் என் நினைவுக்கு வந்தது.

"நாளைக்கும் நில்லுங்க" என்றேன். "மறக்காம நில்லுங்க."

"சரி மேடம், நான் நிக்கேன்" என்றார். பின்னால் பஞ்சவர்ணம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. முனீஸ்வரியும் சிரித்தார். "இந்தக் காலு நிக்குமான்னுதான் தெரியல."